‘இன்றைய காலை’ என்று போட்ட படம்

சாய்ந்தமருது
03.02.2025

அன்பின் இன்ஷிரா,

அஸ்ஸலாமு அலைக்கும். தெஹிவளையில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. என் போனைக் கூடப்பிறந்த காக்கா வாங்கிக்கொண்டு போய்விட்டார். புருஷனை இழந்து இத்தா இருக்கிறவளுக்குப் போன் எதற்காம். உண்மையான காரணம் நீ போட்ட படம்.

நான் படம் எடுக்க, நீ அதற்கொரு பொன்மொழி தேடிப் போட, இத்தனை வருடமாக முகநூலில் நாம் நடத்திய விளையாட்டு இங்கே வந்து நிற்கும் என்று நான் நினைக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை கோமாரிக் கடலைப் போட்டிருந்தாய். மேலே வழக்கம்போல ‘இன்றைய காலை’. கீழே, ‘கூடு திறந்த பிறகுதான் பறவைக்கு வானம் சொந்தம்’. அதற்கும் கீழே, ‘படம்: மர்ஷூதா’.

அது போன வருடம் எடுத்தது. என்னை பைக்கில் கூட்டிப்போய், கெமராவில் தூறல் விழாமல் தன் சேர்ட்டைக் கழற்றிப் பிடித்தவர் றம்சீன். அவர் மவுத்தாகி இன்னும் மாதம் முடியவில்லை. இத்தாவின் நாலு மாதம் பத்து நாள் முடியும்வரை நான் அறையை விட்டு முற்றத்துக்குக்கூட இறங்குவதில்லை. ஊருக்கோ, இத்தாவை முறித்துக்கொண்டு விடியற்காலையில் கடற்கரையில் நின்றவள் நான். அதோடு கூடு திறந்துவிட்டது என்று சந்தோசப்பட்டவள்.

மருதமுனையிலிருந்து ஒவ்வொரு அஸர் தொழுகைக்குப் பிறகும் வந்து, என்னோடு ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகும் மாமி, வெள்ளிக்கிழமையோடு வருவதில்லை. “என்ட மகன்ட கபுறு மண் காயல்ல. இவளுக்கு அதுக்குள்ள கடல் பாக்கணுமாக்கும்” என்றாவாம். உம்மா போய்ச் சத்தியம் பண்ணிப் பார்த்தா. “பெத்தவ மகள விட்டுக் குடுப்பாளா?” என்று கேட்டுவிட்டார்கள்.

படத்தை எடுத்துவிடாதே, ஒளித்தேன் என்பார்கள். அதன் கீழே ஒரு வரி மட்டும் எழுது. இது பழைய படம், அவளைக் கூட்டிப்போனவர் அவளுடைய புருஷன் என்று. உம்மா அதைக் கொண்டுபோய் மாமியிடம் காட்டுவா. அவருக்கு நாற்பதாம் நாள் குர்ஆன் ஓதும் கத்தத்துக்கு முன் எழுதிவிடு. மாமி இல்லாமல் அந்தக் கத்தத்தை இந்த வீட்டில் எப்படி ஓதுவது?

இப்படிக்கு,
மர்ஷூதா

*

தெஹிவளை
08.02.2025

என் மர்ஷு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதத்தைப் பார்த்து அழுதுவிட்டேன். பிறகு கோபம் வந்தது. உன்மேல் அல்ல, அந்த ஊர்மேல்.

‘இன்றைய காலை’ என்பது நம் பக்கத்தின் தலைப்பு. நீ முன்பு அனுப்பிய படங்களை மொத்தமாக அடுக்கி வைத்திருக்கிறேன், நாள் வந்ததும் அவை தானாக வெளியாகும். இதைக்கூட விளங்காதவர்களுக்கு நாம் ஏன் கணக்குக் காட்ட வேண்டும்? ஒருமுறை விளக்கம் சொல்லத் தொடங்கினால் ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருப்பாய்.

அந்த வரியை உன்னை நினைத்து நான் தேடவில்லை. ஆனால் மனதைத் தொட்டுச் சொல்லு மர்ஷு, அது உனக்குப் பொருந்தாமலா போனது? றம்சீன் மச்சானைப் பற்றி என்னிடம் நீ எத்தனை முறை குறைப்பட்டிருக்கிறாய்!

ஆனாலும் உன்னைத் தனியே விடமாட்டேன். காரைதீவு வயல் பாதைப் படத்தை இன்று போட்டிருக்கிறேன். கீழே, ‘பேசும் வாய்கள் ஓயும், நடக்கும் கால்கள் ஓயக் கூடாது’. உன் பெயரைப் பெரிதாகவே போட்டேன். எத்தனை பெண்கள் அதைப் பகிர்ந்திருக்கிறார்கள் தெரியுமா? தைரியமாக இரு.

என்றும் உன்,
இன்ஷிரா

*

சாய்ந்தமருது
21.02.2025

இன்ஷிரா,

அஸ்ஸலாமு அலைக்கும்.

ஒரு வரிதான் கேட்டேன். பொன்மொழி கேட்கவில்லை.

இத்தாவில் இருக்கிறவளின் பெயரைப் போட்டு, நடக்கும் கால்கள் ஓயக் கூடாது என்கிறாய். ஓம், உன்னுடைய பெண்கள் பகிர்ந்திருப்பார்கள். அதில் ஒருத்தி மாமியின் மூத்த மகள். “பாத்தீங்களா உம்மா, இப்ப வயலுக்கும் போறா” என்று வாசித்துக் காட்டினாளாம். அதற்குப் பிறகு உம்மாவை அந்த வீட்டுப் படியேற விடவில்லை.

அவரைப் பற்றி உன்னிடம் குறை சொன்னேன்தான். கறிக்கு உப்புக் காணாது என்று முகத்தைத் தூக்கி வைத்ததைச் சொன்னேன். கடை பூட்டிப் பிந்தி வந்ததைச் சொன்னேன். புருஷன் உள்ளவள் யார் சொல்லாதவள்? சொன்ன மறுநாளே அவரோடு பைக்கில் ஏறிப் போய் எடுத்த படங்களைத்தானே உனக்கு அனுப்பினேன். படத்தைப் பார்த்தும் உனக்கு அது தெரியவில்லை.

அவர் மவுத்தான அன்று நீ எனக்கு அனுப்பியதும் ஒரு படம்தான். யாரோ எடுத்த மலை, கீழே பொறுமையைப் பற்றி யாரோ சொன்னது. எப்படி நடந்தது என்று நீ இன்றுவரைக்கும் கேட்கவில்லை. கடையில் துணி அளந்துகொண்டு நின்றவர் அப்படியே சரிந்தார். நான் போகும்போது கையில் அளவுகோல் இருந்தது. நீ கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

என் பெயரை எல்லாப் படத்திலிருந்தும் எடுத்துவிடு. படங்களை நீயே வைத்துக்கொள். பதில் எழுதாதே, வந்தாலும் பிரிக்கமாட்டேன்.

நேற்று நாற்பதாம் கத்தத்தை மாமி தன் வீட்டில் ஓதினா. எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் கத்தச் சோறு அனுப்பினார்கள். எங்கள் கதவைத் தட்டவில்லை. பக்கத்து வீட்டு றுகையாவுக்குப் பொறுக்கவில்லை. தனக்கு வந்ததில் பாதியைப் பீங்கானில் போட்டு, மதிலுக்கு மேலால் உம்மாவிடம் நீட்டினாள். என் புருஷனுக்கு ஓதிய சோற்றை நான் அயல்வீட்டுப் பங்கில் வாங்கித் தின்றேன்.

மர்ஷூதா