நீ அனுப்பாத செய்தி

அன்பு மகள் நாரேவுக்கு அப்பா எழுதுவது. உடம்பைப் பொறுத்தவரை நானும் அம்மாவும் நன்றாகத்தான் இருக்கிறோம், ஹாம்பர்க்கில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். போனில் கூப்பிடாமல் அப்பா ஏன் காகிதத்தை எடுத்தார் என்று நினைப்பாய். என் கையெழுத்து உனக்குத் தெரியும், இதையாவது நம்புவாய் அல்லவா, அதற்காகத்தான்.

சுசோக் அறுவடைப் பண்டிகைக்கு முந்தின வாரம் நான் ஆப்பிள் பறிக்கத் தோட்டத்துக்குப் போயிருந்த நேரம் அம்மாவுக்குப் புது எண்ணிலிருந்து செய்தி வந்திருக்கிறது. அம்மா, நான்தான், போன் உடைஞ்சு கடையில குடுத்திருக்கேன், கம்ப்யூட்டர்லேர்ந்து எழுதுறேன், பேச முடியாது, பண்டிகைக்கு உனக்குப் பார்சல் அனுப்பியிருக்கேன், கீழ இருக்கற லிங்கத் தட்டி விலாசம் சரியான்னு பாரு என்று. இவளும் தட்டிவிட்டாள். சுங்கத்துக்கு வேண்டும் என்றதும் அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பினாள், வங்கியின் ரகசிய எண்ணையும் கொடுத்துவிட்டாள். நான் வீடு திரும்பியபோது அடுப்படியில் நின்றுகொண்டு, நாரே இன்னிக்கு எங்கூட எவ்வளவு நேரம் பேசினா தெரியுமா, சாப்பிட்டியான்னு கேட்டா, முட்டி வலி எப்படி இருக்குன்னு கேட்டா என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து வெகுகாலம் ஆகிவிட்டது என்பதால் நானும் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் பார்த்தால் அவளுடைய முட்டி ஆபரேஷனுக்கு வைத்திருந்தது முழுவதும் போயிருந்தது. போலீஸ் நிலையத்தில் இருந்த பெண் நல்லவள்தான், ஆனால் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். ஐயா, பணம் கை மாறிக் கை மாறி எங்கயோ போயிருக்கும், பண்டிகை நேரம்னா எல்லாரும் பார்சலுக்காகக் காத்துக்கிட்டிருப்பாங்கன்னு அவங்களுக்குத் தெரியும், நம்பிக்கை வச்சுக்காதீங்க என்றாள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அம்மா தட்டியதும் அவள் போனே அவர்கள் கைக்குப் போய்விட்டிருக்கிறது, அதில் இருந்த நம் ஊர் எண்கள் அத்தனைக்கும் அவள் பெயரில் பண்டிகைப் பரிசு என்று செய்தி போயிருக்கிறது. உன் மால்சுன் அத்தை அதைத் தட்டிவிட்டாள். சந்தையில் மீன் விற்றுச் சேர்த்த காசு, உனக்குத்தான் தெரியுமே அவள் கைகள் எப்படி வெடித்துக் கிடக்கும் என்று. வந்து முற்றத்தில் நின்றாள், கத்தவில்லை. அண்ணி, வேற யாரா இருந்தாலும் தொட்டிருக்க மாட்டேன், நீங்கன்னுதான் தொட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். இந்த வருஷம் முன்னோர் படையலுக்கு அவளும் வரவில்லை, பிள்ளைகளையும் அனுப்பவில்லை. என் கூடப் பிறந்தவள் இல்லாமல் நான் தனியாக விழுந்து கும்பிட்டேன். அவித்த சோங்பியோன் கொழுக்கட்டையைத் தொட ஆளில்லாமல் கல்லாகிப் போனது.

பண்டிகை அன்று நீ கூப்பிட்டாய், பாதியில் கட்டாகிவிட்டது, லைன் சரியில்லை என்று நினைத்திருப்பாய். லைன் நன்றாகத்தான் இருந்தது மகளே. நீ பேசப் பேசக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா பாதியில் அணைத்துவிட்டு, நல்லா பேசுற, அசல் எம்பொண்ணு குரல் மாதிரியே இருக்கு, எங்கிட்ட இனி எடுக்க ஒண்ணுமில்ல, வேற வீடு பாரு என்று போனைப் பார்த்துச் சொன்னாள். பைத்தியமா, அது நம்ம நாரேடி என்றேன். அன்னிக்கும் எனக்கு அப்படித்தான தோணிச்சு என்றாள். அதன் பிறகு போனைத் தொடுவதில்லை, வாசலில் யாராவது கூப்பிட்டாலும் எழுந்து போவதில்லை.

உன்மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. உங்கள் ஊரிலும் கிறிஸ்துமஸ் வரப்போகிறது, பார்சல் வந்திருக்கிறது, பரிசு விழுந்திருக்கிறது என்று எது வந்தாலும் தொடாதே. அப்பா அவசரமாகப் பணம் கேட்டதாகச் செய்தி வந்தால் அது நான் இல்லை, செத்தாலும் அப்படிக் கேட்க மாட்டேன். உனக்கு ஒரு குறையும் வராமல் நம் முன்னோர் உன் பக்கத்தில் நிற்கட்டும்.

விடுமுறை கிடைத்தால் ஒரு தடவை வந்துவிட்டுப் போ. வருகிறேன் என்று செய்தி அனுப்பாதே, அம்மாவுக்குப் பயம் கூடும். நேரே வந்து அவள் முன்னால் நில். முகத்தைப் பார்த்தால் நம்புவாள் என்றுதான் நினைக்கிறேன், நிச்சயமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
ஹான் பியோங்தே
யோங்ஜு