பிறந்தநாள் கேக்கும் இளநீர்க்கடை அரிவாளும்

என் அன்பு மாப்ள பிரபா,

நேற்று சாயங்காலம் அரியலூர் தியேட்டரில் நீ நான்கு விநாடி வந்தாய். அத்தையும் நானும் பார்த்தோம். அதிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை.

ஆவணப்படங்களாம். தெருத் தெருவாகக் கும்பல் சேர்த்துக்கொண்டு வெட்டு, குத்து என்று திரிகிறவர்களைப் பற்றி வரிசையாக மூன்று படம். "உன் மவனும் அதுல வர்றானாம்" என்று யாரோ அத்தையிடம் சொல்லிவிட்டார்கள். நீ போன இந்த இரண்டு வருடத்தில் உன் அம்மா ஒரு கல்யாணத்துக்குக்கூடப் போனதில்லை. நேற்று புதுச்சேலை கட்டிக்கொண்டு, செந்துறை பஸ் ஸ்டாண்டில் எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

மூன்றாவது படத்தில் நீ வந்தாய். உன் பிறந்தநாள் கேக்குக்கு முன்னால் அரிவாளை ஓங்கிக்கொண்டு நிற்கிறாய். நான் எடுத்த வீடியோ அது. பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள்.

அந்த அரிவாள் இளநீர்க்கடை அண்ணனுடையது என்று உனக்கும் எனக்கும்தானே தெரியும்? பேக்கரியில் கொடுத்த பிளாஸ்டிக் கத்தியைத்தான் நீ வைத்திருந்தாய். "இதுல வெட்டுனா எவன்டா பாப்பான், இந்தா அருவா" என்று கையில் திணித்தது நான். "வேணாம்டா, கேக்கெல்லாம் இளநி வாடை அடிக்கும்" என்றாய். அடிக்கத்தான் செய்தது. 'செந்துறை தாதா' என்று தலைப்புப் போட்டு ஊருக்கெல்லாம் அனுப்பியதும் நான்தான். தெருநாய் குரைத்தாலே என் முதுகுக்குப் பின்னால் ஒளிகிற ஆள், தாதா.

உன் முகத்துக்குக் கீழே 'கும்பல் மோதலுக்குப் பலியான இளைஞர்' என்று எழுத்து வந்தது. நீ லாரியில் அடிபட்டல்லவா செத்தாய்? யாரைக் கேட்டு இப்படி எழுதினார்கள்? ஏன் எங்கள் யாரையும் கேட்கவில்லை?

அத்தைக்குத்தான் படிக்கத் தெரியாதே. என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன மருமவனே எழுதியிருக்கு?" என்றாள்.

"பேரு போட்டிருக்காங்க அத்தை."

"முழுப்பேருமா?"

"முழுப்பேரும்தான்."

படம் முடிந்ததும், பேசுகிறவர்கள் பேசலாம் என்று மைக்கை நீட்டினார்கள். எழுந்தேன். வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன், மறுபடியும் கால் குழாயடிக்கே போனது. வீடியோ எடுத்தது நான் என்று தெரிந்தால் அத்தை என்னை எப்படிப் பார்ப்பாள்? அந்தப் பயம்தான். நீ இருந்தால் சிரிப்பாய். சிரித்துக்கொள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் சொன்னதைக் கேள். "நாளைக்கும் போடுறாங்களாம்டா. நம்ம தெருவையே கூட்டியாரப் போறேன். எம்புள்ள பேரு வர்றத எல்லாரும் படிக்கட்டும்."

காலையிலிருந்து வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நம் தெருவில் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று நினைத்துப் பார். வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டிருந்துவிட்டு, இப்போதுதான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

இன்று பஸ் ஏறுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிடுகிறேன், மாப்ள. என்ன எழுதியிருக்கிறது, வீடியோ எடுத்தது யார், அரிவாளைக் கொடுத்தது யார் எல்லாம். அடித்தால் வாங்கிக்கொள்வேன். முகத்தில் முழிக்காதே என்றாலும் கேட்டுக்கொள்வேன். அவள் வந்தாலும் வராவிட்டாலும் நான் தியேட்டருக்குப் போவேன். மைக்கை நீட்டும்போது குழாயடிக்குப் போக மாட்டேன். நீ எப்படிச் செத்தாய் என்று சொல்வேன். உன் முழுப்பேரையும் சொல்வேன்.

அரிவாளை உன் கையில் கொடுத்த,
உன் மாமன் மகன் முருகேசன்