அரவை மெஷின் சுவிட்சை மாற்றியாயிற்று

லெனோர்,

நேற்று நீ லைட்டைப் போடச் சொன்னாயா, நானாகவே போடப் போனேனா, சரியாக நினைவில்லை. சிங்க் ஓட்டைக்குள் கைவிட்டு நீ ஸ்பூனைத் தேடிக்கொண்டிருந்தாய். நான் தட்டியது லைட் சுவிட்சை அல்ல, அந்த ஓட்டைக்கு அடியில் இருக்கும் கழிவு அரைக்கும் மெஷினின் சுவிட்சை.

சமையலறையைப் புதுப்பித்தபோதே சொன்னாய்: "ரெண்டையும் பக்கத்துல வைக்காத ஆர்லன், ஒருநாள் மாத்தித் தட்டிடுவ."

"நாப்பது வருஷமா கார் ஓட்டுறேன், சுவிட்ச் தெரியாதா?"

"கார் இன்ஜினுக்குள்ள என் கை இல்லையே!"

சுவிட்சைத் தள்ளி வைக்க முடியாதென்று எலக்ட்ரீசியன் கூறியதாக உன்னிடம் சொன்னது பொய். அவர் மாற்றித் தருகிறேன் என்றார். புது டைலை உடைக்க மனமில்லாமல் நான்தான் வேண்டாமென்றேன்.

இன்று நம் மகள் மாரித் உன்னைக் கட்டு மாற்ற அழைத்துப்போனதும் அவரை வரவழைத்தேன். ஒரு மணிநேர வேலைதான். சுவிட்ச் இப்போது குழாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. சிங்க் முன்னால் நிற்பவருக்குத்தான் எட்டும்.

இடது கையால் சாப்பிட வசதியாகக் கோழி சூப் வைத்திருக்கிறேன். பாத்திரத்தைக் கழுவாதே, தையல் நனையக் கூடாது.

பின்குறிப்பு: எலக்ட்ரீசியன் போய்விட்டார். மாரித்திடம் போனில் எல்லாம் சொல்லிவிட்டேன், பொய்யையும் சேர்த்து. என்னைப் பார்க்க உனக்கு மனம் வரும்வரை நான் நூலகத்தில் இருக்கிறேன். நீ கூப்பிட்டால் வருவேன்.