வரியின் கடைசியில் இருந்த எண்

சர்வர் அறைக் கதவுக்குப் பின்னால் உன் பழுப்பு ஸ்வெட்டர் இன்னும் தொங்குகிறது. உன் வீட்டில் கொடுத்துவிட வேண்டும் என்று வாரா வாரம் நினைக்கிறேன். இன்று காலை ஏ.சி. குளிர் தாங்காமல் அதையே எடுத்துப் போட்டுக்கொண்டேன். கழுத்துப் பக்கத்தில் தலைவலித் தைலத்தின் வாசனை. நீ போய் எட்டு மாதம் ஆகிறது, தைலம் இன்னும் போகவில்லை. அந்த வாசனையோடு திரைமுன் உட்கார்ந்தபோதுதான், ஐப்பசியில் நடந்ததை உன்னிடம் சொல்லவே இல்லையே என்று தோன்றியது. சொல்லப் பயம். நீ இருந்தபோதும் உன்னிடம் எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

பூந்தமல்லியில் இந்த ஆஸ்பத்திரியில் நாம் இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். கம்ப்யூட்டர் பிரிவு என்றால் நாம் இரண்டு பேர்தான். நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து நூம்பலில் ஒரு ஃபிளாட்டில் குடியேறியவள். நீ வெள்ளானூர்க்காரி. அங்கே உங்கள் நிலத்தைச் சுற்றி வீடுகள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. என் பேச்சைக் கேட்டு நீ சிரிப்பாய், உன் பேச்சைக் கேட்டு நான் சிரிப்பேன். வேலை என்று வந்துவிட்டால் மட்டும் உனக்குச் சிரிப்பு வராது.

நம் சர்வரில் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு சேவைக்கும் நீ ஒரு பாலிசி எழுதினாய். எந்தக் கோப்பைத் தொடலாம், எந்த மெஷினோடு பேசலாம், எந்த நிரலை ஓட்டலாம் என்று ஒன்றுவிடாமல் எழுதினாய். எழுதாத எதைச் செய்ய முயன்றாலும் மெஷினின் அடிநிரலான கர்னல் மறுத்துவிடும். அட்மின் அதிகாரத்தோடு ஓடுகிற சேவையாக இருந்தாலும் மறுப்பு மறுப்புதான். இதெல்லாம் எதற்கு என்று முதல் நாள் கேட்டேன்.

"எங்க தெருவுல புதுசா எவன் வந்தாலும் எங்க நைனா இன்னா கேப்பாரு தெரியுமா? யார் ஊட்டுக்கு வந்தேன்னு கேப்பாரு. பதில் சொன்னா அந்த ஊட்டுக்கு மட்டும் போலாம். பக்கத்து ஊட்டு கதவத் தொட்டா வுட மாட்டாரு. அவ்ளோதான்" என்றாய்.

அந்தச் சேவைகளில் முக்கியமானது ஸ்கேன் படங்களை வாங்கி வைப்பது. நம் ஸ்கேன் அறையிலிருந்தும் வெளி சென்டர்களிலிருந்தும் வரும் படங்கள் எல்லாம் அதன் வழியாகத்தான் வரும். வெளியாட்களோடு பேசுகிற சேவை என்பதால் அதற்கு நீ மிகக் கடுமையான பாலிசி எழுதியிருந்தாய்.

ஒரு சேவையைத் தடுக்காமல் வெறுமனே கவனிக்க மட்டும் செய்கிற நிலை ஒன்று உண்டு. பெர்மிசிவ் என்போம். பாலிசியை மீறினால் லாக் என்கிற பதிவுக் கோப்பில் எழுதிவைக்கும், ஆனால் மீற விட்டுவிடும். ஏதாவது அடைத்துக்கொண்டால் அதைப் போட்டுவிட்டு நிதானமாகச் சரிசெய்யலாமே என்று ஒருமுறை சொன்னேன். உனக்கு வந்த கோபம் நினைவிருக்கிறதா?

"கேட்டத் தொறந்து வுட்டுட்டு, வாட்ச்மேன் உள்ள போறவன் பேர எழுதிக்கினு குந்தினு இருந்தா இன்னாத்துக்கு ஆவும்?"

அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மாசி மாதம் அதைச் செய்தேன்.

உன் நாத்தனாருக்கு வளைகாப்பு என்று நீ லீவில் இருந்த நாள். முந்தின நாள்தான் படங்களுக்காகப் புது டிஸ்க் ஒன்றைச் சேர்த்திருந்தோம். மதியம் மூன்று மணிக்கு ஆவடி ரோட்டில் அடிபட்ட ஒருவரைக் கொண்டுவந்தார்கள். தலையில் அடி. ஸ்கேன் எடுத்தார்கள், ஆனால் படம் டாக்டரின் திரைக்கு வரவில்லை. போனில் கத்தினார்.

"ரத்தம் கசியுதா இல்லையான்னு நான் எப்படிம்மா பாக்கறது? ஆளு டேபிள்ல கெடக்கறாரு!"

புது டிஸ்க்கில் எழுதச் சேவைக்கு அனுமதி இல்லை. டிஸ்க்கிலுள்ள கோப்புகளுக்கு, பாலிசி அடையாளம் காணும்படி சரியான லேபிள் போட்டிருந்தால் போதும், ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடம் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரே ஒரு வரி அடித்து, அந்தச் சேவையை மட்டும் பெர்மிசிவ் ஆக்கினேன். படம் வந்தது. அவர் பிழைத்தார். சாயங்காலம் திரும்ப அடைத்துவிடலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் வேறு வேலை வந்தது.

அடுத்த வாரம் நீ கேட்டாய்.

"படம் வாங்குற சர்வீஸ்ல நீ எதுனா கை வெச்சியா?"

"இல்லையே."

"நெஜமாவா?"

"இல்லடி, நான் எதுக்கு அதத் தொடப்போறேன்?"

என்னை ஒரு நிமிடம் பார்த்தாய். "செரி வுடு" என்று திரும்பிக்கொண்டாய்.

அதன்பிறகு எப்படி அடைப்பது? திறந்த வரி பழைய லாகில் அடியில் போயிருந்தது; இப்போது அடைத்தால் என் பெயரில் புதிதாக ஒரு வரி விழும், நீ பார்ப்பாய், பொய் தெரிந்துவிடும். இன்று நாளை என்று தள்ளினேன். வைகாசியில் உனக்கு வயிற்று வலி வந்தது. உன் வயிற்றுப் படமும் அந்தச் சேவை வழியாகத்தான் வந்து சேர்ந்தது. அதைப் பார்த்த டாக்டர் உன்னிடம் சொல்வதற்கு முன்னால் என்னிடம்தான் கேட்டார், கூட யார் இருக்கிறார்கள் என்று. ஆடி முடிவதற்குள் நீ இல்லை. நான் திறந்துவைத்தது அதோடு மறந்துபோயிற்று என்று எல்லோரிடமும் சொல்லலாம். உன்னிடம் சொல்ல முடியாது. மறக்கவில்லை, நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, காலை பதினொரு மணி. வெளியே நல்ல மழை. எச்சரிக்கை வரிகள் திரையில் கொட்ட ஆரம்பித்தன. எல்லாம் அந்தச் சேவையின் பெயரில். படம் வாங்கி வைப்பதைத் தவிர வேறொன்றும் அறியாத நிரல், கட்டளை ஓட்டும் ஷெல்லைத் திறக்கப் பார்த்தது. பாஸ்வேர்டு இருக்கும் கோப்பைப் படிக்கப் பார்த்தது. பேக்கப் மெஷினோடு பேசப் பார்த்தது. வெளி சென்டரிலிருந்து படம் என்ற பெயரில் வந்த ஏதோ ஒன்று அதைப் பிடித்துக்கொண்டது என்று புரிந்தது. யாரோ உள்ளே இருந்தார்கள்.

ஒவ்வொரு வரியிலும் 'டினைட்' என்று இருந்தது. மறுக்கப்பட்டது. ஒரு மூச்சு விட்டேன். அடுத்த கணமே நினைவுக்கு வந்தது. பெர்மிசிவ் நிலையிலும் லாகில் அதே 'டினைட்' தான் விழும். மறுத்ததாக எழுதிவிட்டு விட்டுவிடும். உண்மையில் தடுத்ததா என்பதை அந்த வரியின் கடைசி எண்தான் சொல்லும். பூஜ்யம் என்றால் தடுத்தது. ஒன்று என்றால் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தது.

வரி நீளமானது. கடைசிப் பகுதி திரைக்கு வெளியே இருந்தது.

மெஷினின் பொது நிலையைக் கேட்டேன். அடைத்திருக்கிறது என்றது. அதில் அர்த்தமே இல்லை. நான் திறந்துவிட்டது அந்த ஒரு சேவையை மட்டும்தானே. மாடியில் ஐ.சி.யு.வில் எத்தனை பேர், அவர்களுக்கு எந்த மருந்து எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அடுத்த அறைக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. உள்ளே வந்தவர்கள் அதையெல்லாம் பூட்டிப் போட்டுவிட்டு, திறக்கப் பணம் கேட்டுப் பேரம் பேசுவார்கள். உன் படமும் அங்கே இருக்கிறது, உன் பெயரோடு, வயதோடு. வலது பக்க அம்புக்குறியை அழுத்தினேன். அழுத்திக்கொண்டே இருந்தேன்.

பூஜ்யம்.

நம்பவில்லை. அடுத்த வரியைப் பார்த்தேன். பூஜ்யம். அதற்கடுத்ததும் பூஜ்யம். ஓடிப்போய் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நிர்வாக அதிகாரி வந்து பார்த்தபோது அப்படித்தான் இருந்தேன்.

"என்னம்மா, உள்ள வந்துட்டானா?"

"வந்துட்டான் சார். அந்த ஒரு ரூமத் தாண்டல."

கேபிள் பிடுங்கிக் கிடந்த இரண்டு நாளும் படங்களை சி.டி.யில் போட்டுக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். வெளியிலிருந்து வந்து சோதித்தவர்கள் எதுவும் போகவில்லை என்றார்கள். இந்தச் சேவையை யாராவது எப்போதாவது தளர்த்தியதுண்டா என்று கேட்டார்கள். "நான்தான். மாசி மாசம்" என்றேன். அதிகாரி என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். எழுத்தில் விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன்.

அப்படியென்றால் அடைத்தது யார்? பழைய லாகில் தேடினேன். நீ வேலைக்கு வந்த கடைசி நாளுக்கு முந்தின நாள், உன் பெயரில் இருந்தது. புது டிஸ்க்குக்கு லேபிள் போட்டிருந்தாய். பெர்மிசிவை எடுத்திருந்தாய். சர்வரில் செய்யும் மாற்றங்களைக் கையால் எழுதிவைக்கும் நம் பதிவேட்டில் ஒரு வரி: 'புது டிஸ்க் இப்ப பாலிசிலயே கீது. இனிமே தொறக்க வாணாம்.' யார் திறந்தது என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தாய். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்கள் அவை. நான் உனக்கு மோர் வாங்கிவரப் போன நேரத்தில் செய்திருப்பாய் போல.

அடுத்த ஞாயிறு வெள்ளானூருக்குப் போனேன். உன் வீட்டுக்காரர் ஹாலோபிளாக் பட்டறையிலிருந்து கைகூடக் கழுவாமல் வந்தார். "இன்னாக்கா, எதுனா பிரச்சினையா?" என்று கேட்டார்.

"உங்க வீட்டம்மா ஆஸ்பத்திரியக் காப்பாத்திட்டா."

"அவ இன்னா டாக்டராக்கா?" என்றார். சிரிக்கப் பார்த்து, முடியாமல் உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு டீயோடு வந்தார்.

அதன்பிறகு எல்லா சேவைகளையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க ஆரம்பித்தேன். கார்த்திகை முழுக்க அதே வேலை. நான் திறந்தது வேறு எதுவும் இல்லை. ஆனால் வார்டு பிரிண்டர் சேவை பெர்மிசிவில் இருந்தது. திறந்தவர் பெயர் உன்னுடையது. நான் திறந்ததற்கு முந்தின வருடம், பொங்கலுக்கு முந்தின நாள். குறிப்பில் 'ரெண்டு நாள்ல மூடணும்' என்று இருந்தது.

அதைப் பார்த்தபோது பயந்ததுபோல் அந்தச் சனிக்கிழமைகூட நான் பயப்படவில்லை. நீயே மறந்திருக்கிறாய் என்றால் மற்றவர்கள் எம்மாத்திரம்? உன் போனிலும் யாரோ கத்தியிருப்பார்கள். உனக்கும் ஐந்து நிமிடம் பொறுத்திருக்காது. நீ என்னிடம் அதைச் சொல்லவில்லை. நானும் கேட்டதில்லை, கேட்கத் தோன்றவில்லை. பொங்கலுக்கு லீவு எடுக்கும்போது அத்தனை பேரையும் அதட்டிவிட்டுப் போவாயே, அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்குத் தோன்றும்?

பிரிண்டருக்குத் தேவையான அனுமதியைப் பாலிசியில் எழுதி, பெர்மிசிவை எடுத்தேன். வார்டுக்குப் போய் ஒரு தாள் அச்சடித்துப் பார்த்தேன், வந்தது. திரும்பி வந்து பதிவேட்டில் வேலையை எழுதினேன். யார் திறந்தது என்ற இடம் வந்தபோது பேனாவைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்த இடத்தை விட்டுவிட்டு என் கையெழுத்தைப் போட்டேன்.