பழ ஈக்களும் என் வலது கையும்

8 பிப்ரவரி 2024, வியாழன்

திருவிழா தொடங்கிவிட்டது. கொலோன் நகரமே வேஷம் கட்டிக்கொண்டு தெருவில் நிற்கிறது. இன்று பெண்களின் ஆட்சி. கண்ணில் படும் ஆண்களின் டையைக் கத்தரிக்கலாம். எங்கள் பேராசிரியர் ஹென்னிங் என்னோடு படித்தவன். அவன் டையை வருஷா வருஷம் நான்தான் வெட்டுகிறேன். "மூக்கை விட்டுவை தாயே!" என்று கத்துவான். இந்த வருஷம் கத்தவில்லை. கத்தரிக்கோல் என் கையில் ஆடியதும், டையை இழுத்துப் பிடித்து எனக்கு வசதியாகக் காட்டினான். சுற்றி நின்ற யாரும் சிரிக்கவில்லை.

அந்த இரக்கத்தில் உடம்பெல்லாம் எரிகிறது.

பதினெட்டு வருஷமாகப் பழ ஈக்களில் பார்க்கின்சன் நோயை ஆராய்கிறேன். போன இலையுதிர் காலத்தில் அதே நோய் எனக்கும் இருப்பதாக டாக்டர் சொன்னார். ஈக்களுக்குத் தெரிந்தால் விழுந்து விழுந்து சிரிக்கும்.

14 பிப்ரவரி, புதன்

திருவிழா விடுமுறைக்கு முன் ஈக் குழாய்களைக் குளிர்ப்பெட்டிக்கு மாற்றிவிடுவோம். குளிரில் எல்லாம் மெதுவாக நடக்கும். தீனி மாற்ற யாரும் வர வேண்டாம். எங்கள் ஆராய்ச்சி மாணவி நெவின், கோமாளி மூக்கை மாட்டிக்கொண்டு ஊர்வலத்துக்கு ஓடிய அவசரத்தில், ஒரு தட்டுக் குழாய்களை வெப்பப்பெட்டியில் வைத்துவிட்டாள். நோய் மரபணு உள்ள இளம் ஈக்கள் விடுமுறை முழுவதும் சூட்டில் கிடந்திருக்கின்றன. காலையிலிருந்து அழுகிறாள்.

"தூக்கிப் போட்டுட்டுப் புதுசா ஆரம்பி," என்றான் ஹென்னிங்.

"மாட்டேன்."

"ஏன்?"

"உயிரோட இருக்கே. சூட்டுலயே சாகாததை நீ சொன்னேன்னு நான் கொல்லணுமா?"

19 மார்ச், செவ்வாய்

ஏறுகின்றன!

குழாயை மேஜைமேல் தட்டினால் ஈக்கள் அடியில் விழும். நல்ல ஈ உடனே சுவரில் ஏறும். நோய் ஈ இந்த வயதில் கீழேயே கிடந்து தடுமாறும். சூட்டில் கிடந்தவை மட்டும் ஏறுகின்றன. நெவின் என்னைக் கட்டிக்கொண்டாள்.

என்ன நடந்திருக்கும்? செல்லுக்குச் சக்தி தருவது மைட்டோகாண்ட்ரியா. சூட்டில் அது லேசாக அடிபட்டு அபாயக் குரல் கொடுத்திருக்க வேண்டும். செல் உடனே பழுதுபார்க்கும் புரதங்களைச் செய்து வைத்துக்கொண்டது; பிறகு நோய் தலைதூக்கியபோது நரம்பு செல்கள் தாக்குப்பிடித்தன. அப்படித்தான் நினைக்கிறேன். நினைத்தால் போதுமா? காட்ட வேண்டும்.

20 மார்ச், புதன்

ஹென்னிங் கேட்ட முதல் கேள்வி: "தட்டினது யாரு?"

"நான்தான்."

என் கையைப் பார்த்தான். "பிரிட்டா, கோவிச்சுக்காத. கை ஆடுறப்போ தட்டு எப்படி ஒரே மாதிரி விழும்? மெதுவா தட்டின குழாயில எந்த ஈயும் ஏறிடும்." அப்புறம், "மாடியில ஒரு ரூம் காலியா இருக்கு. பாடம் எடு, கட்டுரை எழுது. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

என் நல்லதுக்கா? என்னைக் கேக்காம என் நல்லதை இவன் எப்படி முடிவு பண்ணினான்? என் கையை எடுத்து என் ஈக்கள்மேலயே சாட்சி சொல்ல வைக்கிறான் — பாவி!

21 மார்ச், வியாழன்

மாடி அறையைப் போய்ப் பார்த்தேன். வெளிச்சமான அறை. எனக்கு வேண்டாம்.

8 ஏப்ரல், திங்கள்

மறுபடி முதலிலிருந்து. நோய் ஈக்களில் மூன்று கூட்டம்: சூடு காட்டியவை, காட்டாதவை, அபாயக் குரல் மரபணுவை அடக்கிவிட்டுச் சூடு காட்டியவை. நான் நினைப்பது சரியென்றால் மூன்றாவது கூட்டம் ஏறக்கூடாது. எந்தக் குழாய் எது என்பது நெவினுக்கு மட்டும் தெரியும். ஹென்னிங்கும் தட்ட வேண்டும், நானும் தட்டுவேன்.

"தோத்தா மாடிக்குப் போயிடுவியா?"

"போறேன். நீ தோத்தா?"

"நான் எதுக்குத் தோக்கணும்?" என்று முனகினாலும் ஒத்துக்கொண்டான்.

23 மே, வியாழன்

நாளைக்குத் தட்ட வேண்டும். காலையில் மாத்திரை போட்டால் கை கொஞ்சம் அடங்கும். போடலாமா? போட்டு ஜெயித்தால், மாத்திரை இல்லாமல் நான் தட்டினால் செல்லாது என்பான்.

நடுங்கட்டும்.

24 மே, வெள்ளி

மாத்திரை இல்லை. சட்டைப் பித்தானை என் கணவர் யோஹென்தான் போட்டுவிட்டார். வாசல்வரை திட்டிக்கொண்டே வந்தார். கால் இழுத்தது, கை தன் இஷ்டத்துக்கு ஆடியது. நெவினுக்குக் கோபம். "உங்களுக்கென்ன பைத்தியமா? விழுந்து வெச்சா யாரு தூக்குறது?"

"நீதான் தூக்கணும். இப்போ குழாயைக் குடு."

ஹென்னிங் தட்டினான். நான் தட்டினேன். சாயங்காலம் நெவின் எது எதுவென்று சொன்னாள். இரண்டு பேர் கையிலும் ஒரே கதை. சூடு பட்டவை ஏறின, படாதவை கிடந்தன. குரலை அடக்கியவற்றுக்குச் சூட்டால் ஒரு லாபமும் இல்லை. போன வாரமே நெவின் சில ஈக்களின் மூளையை எடுத்துப் பார்த்திருந்தாள்; அதிலும், ஏறிய கூட்டத்தில்தான் நரம்பு செல்கள் அதிகம் பிழைத்திருக்கின்றன.

ஹென்னிங் எழுந்து போகும்போது, "மாத்திரை போடலயா?" என்றான்.

"இல்ல."

"பிசாசு," என்றான். நெடுநாளைக்கப்புறம் என்னைத் திட்டியிருக்கிறான். வீட்டுக்கு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

26 மே, ஞாயிறு

யோஹென் கேட்டார்: "அப்போ உனக்கு?"

எனக்கு என்ன? நோய் வரும் முன்பே சூடு கண்ட குட்டி ஈக்கள் அவை. எனக்கு வந்துவிட்டது. என்னை இளமைக்குக் கொண்டுபோய் எந்தப் பெட்டியில் வைப்பது? பயமாயிருக்கிறது. இரண்டு பேரும் உருளைக்கிழங்கு உரித்தோம். நான் உரித்ததில் பாதி தோலோடு போனது. அழுதேன். பிறகு கோபம் வந்தது. வந்த நோய்க்கு இது உதவாது என்று எவன் சொன்னான்? யாரும் சோதித்துப் பார்க்கவில்லையே!

3 ஜூன், திங்கள்

கிழட்டு ஈக்கள், ஏற்கெனவே தடுமாறுகிறவை — அவற்றை வெப்பப்பெட்டியில் வைத்தேன்.

"எவ்வளவு நாள் வெச்சிருப்ப?" என்றான் ஹென்னிங்.

"தெரியாது. உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

12 ஜூன், புதன்

முதல் சோதனை. ஹென்னிங் கூப்பிடாமலே வந்து பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். குழாய்களை என் பக்கம் தள்ளினான்.

"நீ தட்டு. நான் எண்ணுறேன்."

தட்டினேன். பாதிக்கு மேல் விழுந்த இடத்திலேயே கிடந்தன. சுவரில் ஏறிய மீதியை அவன் சத்தமாக எண்ண ஆரம்பித்தான்.