அக்கா கண்ட கோடு

மார்ச் 4
எங்கள் அறையில் இரண்டே மேசை. மற்ற மேசைக்காரி ஆராய்ச்சியில் எனக்கு இரண்டு வருடம் மூத்தவள் என்பதால் அவள் அக்கா. அடுத்த வருடம் வானியல் ஆய்வகத்தில் ஒரே இடம்தான் என்று பேராசிரியர் இன்று சொல்லிவிட்டார். "ரெண்டு பேருமே நல்லாத்தான் பண்றீங்க," என்றார். வெட்டுவதற்கு முன் தடவிக் கொடுக்கிற மாதிரி.

மார்ச் 11
அக்காவுக்குக் கால் தரையில் இல்லை. ஆதியில் விண்வெளி முழுக்க ஹைட்ரஜன் வாயு, மூடுபனி போல. முதல் கேலக்ஸிகளின் புற ஊதா ஒளி அந்த அணுக்களை உடைக்க, ஒவ்வொன்றைச் சுற்றியும் தெளிந்த குமிழி உண்டானது. பனி கலையாத அந்தக் காலத்துக் கேலக்ஸி ஒன்றிலிருந்து, பனி விழுங்கியிருக்க வேண்டிய ஒளிக்கோடு அவள் தொலைநோக்கியில் எடுத்த நிறமாலையில் தெரிகிறது. ஆக, அங்கே குமிழி இருக்கிறது.

"ஏய் வாலு, வெள்ளிக்கிழமை கருத்தரங்குல சொல்லப்போறேன். நீ ஒரு தடவ பார்த்துடு. உன் கண்ணுக்கு எதுவும் தப்பாது."

வெளி தெளிந்த கதையை எல்லாப் புத்தகங்களும் விடியல் என்கின்றன. அணுவின் பக்கமிருந்து யாரும் எழுதவில்லை. இருந்த ஒரே எலக்ட்ரானையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

மார்ச் 12
பார்த்தேன். கேலக்ஸியே இல்லாத வெற்று இடத்திலும் அதே கோடு, மங்கலாக. நம் வளிமண்டலம் தானாக ஒளிரும் அலைநீளம் அது. அதைக் கழிக்கும்போது மிச்சம் விட்டிருக்கிறாள். அவள் கண்ட கோடு அந்த மிச்சம்தான்.

மார்ச் 13
"பார்த்தியாடி?"
"ம். நல்லாருக்குக்கா."
பொய்யில்லையே. படம் நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 14
கேள்வி நேரத்தில் கை தூக்கினேன். "அக்கா, பக்கத்துல வெத்து வானத்தையும் காட்டுங்களேன்."

மூலப் படத்தைத் திறக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. பேராசிரியர் சிரித்தார். "ஆயிரத்து முந்நூறு கோடி வருஷம் பின்னாடி போறேன்னுட்டு, மொட்டைமாடியக்கூடத் தாண்டலையேம்மா!" அரங்கமே சிரித்தது. நானும்.

படிக்கட்டில் கேட்டாள்: "நேத்தே தெரியுமா உனக்கு?"
"இல்லக்கா, இப்ப பெரிய திரையில பார்த்தப்பதான்—"
அவள் முடிக்க விடவில்லை. இறங்கிப் போய்விட்டாள்.

எனக்கு அந்த இடம் வேணும். அவ்வளவுதானே?

ஏப்ரல் 2
இடம் எனக்கு.

ஏப்ரல் 9
நான் வருவதற்குள் அக்கா காலி செய்துவிட்டாள். மேசையைத் துடைத்துவிட்டுப் போயிருக்கிறாள் — என்னுடையதையும் சேர்த்து.

ஜூன் 23
புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு நாளை முதல் கருத்தரங்கு. "குடும்மா, ஒரு தடவ பார்த்துத் தரேன்," என்றேன்.
"பரவால்லக்கா. முன்னாடி இங்க இருந்த ஒருத்தங்க பார்த்துட்டாங்க."
சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லும்போதே மடிக்கணினியை மூடினாள். யார் என்று நான் கேட்கவில்லை.