செருப்போடு உள்ளே வரலாம்

திண்டுக்கல்,
8-3-1959

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அத்தானுக்கு ஆனந்தமேரி எழுதிக்கொள்வது. இங்கே நானும் அத்தையும் சுகம். வேலூர் ஆஸ்பத்திரியில் புதுக் கால் பொருத்தி நடக்க வைத்துவிட்டார்கள் என்று உங்கள் கடிதத்தில் படித்ததும், கோயிலுக்கு ஓடி மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன். அதன் பிறகுதான் மீதியைப் படித்தேன். ஊருக்கு வரப்போவதில்லை, அங்கேயே ஓர் அறை பார்த்துத் தங்கிவிடுகிறேன், இந்தக் கோலத்தில் யார் கண்ணிலும் படவேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அழுகை வரும் என்று நினைத்தேன், கோபம்தான் வந்தது. பதில் தாமதமானது அதனால்தான்.

இதற்கிடையில் ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டேன். வக்கீல் வீட்டுச் சண்முகவள்ளி அம்மாள், கை கால் இழந்தவர்களுக்காக ஒரு சங்கம் தொடங்கியிருக்கிறார். பூட்டு வியாபாரி ஒருவர் சரக்கு அடுக்கும் கிட்டங்கியாக வைத்திருந்த கட்டடம் ஆபீசுக்குக் கிடைத்தது. உள்ளே எது எப்படி இருக்கவேண்டும் என்று பார்க்கும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார். ஏன் என்னிடம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வாசல்படி மேல் சிமெண்டுச் சரிவு போட்டோம். சுவர் நெடுகப் பிடித்து நடக்க மரச்சட்டம் அடித்தோம். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒருவர் உட்கார, இந்தப் பக்கம் ஒருவர் கும்பிட்டு நிற்பது எனக்குப் பிடிக்காது. மேஜையை ஓரமாகத் தள்ளிவிட்டு, வருகிறவருக்கும் நமக்கும் ஒரே உயரத்தில் பெஞ்சுகள் செய்யச் சொன்னேன். தரையை முகம் பார்க்கிற மாதிரி தேய்த்துத் தருகிறேன் என்ற கொத்தனாரை, வழுக்கும் என்று தடுத்தேன். எல்லாவற்றையும் யோசித்துவிட்டதாக எனக்கே பெருமை தாங்கவில்லை.

திறந்த அன்று நத்தத்திலிருந்து உடையப்பன் என்பவர் வந்தார். மாமரத்திலிருந்து விழுந்து காலை இழந்தவர். கட்டைக் காலும் தோல் பூட்சுமாகச் சரிவில் நன்றாகவே ஏறி வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார். வந்து உட்காருங்கள் என்றேன். தலையை ஆட்டிவிட்டு நின்றார். கூச்சப்படுகிறார் என்று மோர் கொடுத்தேன். அதையும் நின்றபடியே குடித்தார். விடாமல் கேட்ட பிறகுதான் சொன்னார்:

“கழுவி விட்ட தரை தாயி. பூட்ஸக் கழட்டுனா காலும் சேந்து வந்துரும். மாட்டிக்கிட்டு மிதிக்கவும் மனசு வரல.”

அவர் பக்கத்தில் எங்கள் எல்லோருடைய செருப்பும் வரிசையாகக் கிடந்தது. பரவாயில்லை வாருங்கள் என்று நூறு தடவை சொன்னாலும் நம் ஊர்க்காரர் வரமாட்டார். நான் வெளியே போய் என் செருப்பை மாட்டிக்கொண்டு, உள்ளே நடந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். சண்முகவள்ளி அம்மாள் முகம் போன போக்கைப் பார்த்திருக்கவேண்டும் நீங்கள். சுவரில் முருகன் படம் இருக்கிறதே என்று மெதுவாகச் சொன்னார். பிறகு அவரே படத்தை எடுத்துப் பின்னறையில் மாட்டிவிட்டு, தன் செருப்பையும் போட்டுக்கொண்டு வந்தார். அதற்கப்புறம்தான் உடையப்பன் உள்ளே காலை வைத்தார். உட்கார்ந்தவர் சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை, அவ்வளவு பேச்சு.

அன்றிலிருந்து ஆபீசில் எல்லோரும் செருப்போடுதான். நம் வீட்டுக்குள்ளும் நான் அப்படியே நடக்க ஆரம்பித்தேன். அடுப்படி வரை செருப்போடு வருகிறவளை எந்த மாமியார் பொறுப்பார்? அத்தை என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நான் காரணம் சொல்லவில்லை. நீங்கள் வரமாட்டேன் என்று எழுதியதையும் சொல்லவில்லை.

நேற்று நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்தபோது அத்தை கூடத்தில் புதுச் செருப்போடு நின்றார். பிறந்ததிலிருந்து செருப்பே போடாதவர், பேகம்பூர் வரை தனியாகப் போய் வாங்கி வந்திருக்கிறார். வீட்டுக்குள் எதற்கு அத்தை என்று கேட்டேன்.

“அவன் ஒருத்தன் மட்டும் போட்டுக்கிட்டு நடந்தா சங்கடப்படுவான்ல” என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போய்விட்டார்.

பழக்கமில்லாத கால், இரண்டு குதிகாலும் உரசிப் புண்ணாகிவிட்டது. தேங்காயெண்ணெய் தடவி விடுகிறேன், புண் ஆறும்வரை கழற்றி வையுங்கள் என்றால் கேட்பதாக இல்லை. இப்போதிருந்தே பழகினால்தான் அவன் வரும்போது சரியாக இருக்கும் என்கிறார். நான் சொல்லிப் பயனில்லை. உங்கள் பேச்சைத்தான் கேட்பார், நேரில் வந்து சொல்லுங்கள் அத்தான்.

வழி நெடுக மாதா உங்கள் கையைப் பிடித்துக் கூட்டி வரட்டும்.

தங்கள் அன்பு மனைவி,
ஆனந்தமேரி